மொக்கத்தம் குன்றின் அடிவாரத்திலே

எகிப்து நாட்டின் பெயரைக் கேட்டதும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் நெஞ்சில் எழுவது, ஏரோதின் வாளுக்குத் தப்பி, கைக்குழந்தை இயேசுவை மார்போடு அணைத்தவண்ணம் இரவோடு இரவாகப் புறப்பட்ட திருக்குடும்பத்தின் தோற்றமே. அந்நாட்டின் தலைநகராம் கெய்ரோவில் அக்குடும்பத்தின் நினைவைத் தாங்கி நிற்கும் இடங்கள் பல. பழைய கெய்ரோப் பகுதியில் உள்ள புனித செர்ஜியுஸ் ஆலயத்தின் நிலவறையில் அவர்கள் தங்கியிருந்தனர் என்பது அங்குள்ள கிறிஸ்தவர்களின் தொன்மையான மரபு. நகரின் வடகிழக்கே மத்தாரியா என்னும் இடத்தில், அன்னை மரியாள் இளைப்பாறியதாகக் கூறப்படும் அத்திமரத்தின் நினைவாக ஒரு முதிய மரம் போற்றிக் காக்கப்படுகிறது. புனித நாட்டுத் திருப்பயணத்தில் கெய்ரோ வழியாகச் செல்லும் நம் மக்கள் இவ்விடங்களைக் கண்டு செபித்துத் திரும்புவர்.

இவற்றோடு காணத்தக்க மற்றோர் இடமும் உண்டு. அங்கே பளிங்குத் தரை இல்லை; பொற்கலசம் இல்லை. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் கெய்ரோப் பெருநகரம் நாள்தோறும் கழித்தெறியும் குப்பையில் கணிசமான பங்கு வந்து சேரும் ஊர் அது. நகரின் கிழக்கே, மொக்கத்தம் என்னும் சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில், மன்ஷியத் நாசர் என்ற வட்டாரத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. அங்கு வாழ்வோருள் மிகப் பெரும்பாலோர் காப்டிக் கிறிஸ்தவர்கள். நற்செய்தியாளர் புனித மாற்குவைத் தங்கள் திருச்சபையின் தந்தையாகப் போற்றும் தொன்மையான மக்கள். உலகெங்கும் பெருங்கவலையாய் மூண்டிருக்கும் பிளாஸ்டிக் கழிவைப் பற்றி நூல்கள் பல கற்பிக்கலாம். எனினும் அவ்வூர்த் தெரு ஒன்றில் ஒரு மணி நேரம் நடந்து வருவது கற்பிக்கும் பாடம் தனிப்பட்டது.

தெருவும் வீடும்

பழைய கெய்ரோவிலிருந்து எங்கள் திருப்பயணக் குழுவினர் பேருந்தில் புறப்பட்டோம். சலாதீன் மன்னன் 1176ஆம் ஆண்டில் எழுப்பத் தொடங்கிய கோட்டையைக் கடந்து, கல்லறை மாடங்களின் நடுவிலேயே ஏழை மக்கள் குடியிருக்கும் 'மாண்டோர் நகரம்' என்னும் பகுதியை ஒட்டிச் சென்றது வழி. நெடுஞ்சாலையை விட்டுக் குன்றை நோக்கித் திரும்பியதும், ஊர் கண்ணுக்குப் புலப்படுமுன் மூக்குக்குப் புலப்பட்டது. புளித்த உணவின் நெடியும், வெயிலில் காயும் பிளாஸ்டிக்கின் வாடையும், எங்கோ உருகும் பொருளின் புகையும் கலந்து வந்தன. எம்முடன் வந்தவர்களுள் சிலர் கைக்குட்டையை எடுத்தனர். வழிகாட்டியாக வந்த காப்டிக் இளைஞர் அதனைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார்.

குறுகிய தெருக்கள், இருபுறமும் பூச்சு காணாத செங்கல் மாடிவீடுகள். கீழ்த்தளத்தில் தொழில், மேல்தளங்களில் குடும்பம். வாசல்தோறும் மனிதரை விட உயரமான மூட்டைகள். ஒரு வாசலில் காகித அட்டைகள் மட்டும். அடுத்த வாசலில் தகர டப்பாக்கள் மட்டும். அதற்கடுத்த வாசலில் நீல மூடிகள் மட்டும் மலைபோல் குவிந்திருந்தன. மூட்டைகளை வீட்டளவு உயரத்துக்கு ஏற்றிய சிறு லாரிகள் எப்படித்தான் அந்தச் சந்துகளில் திரும்புகின்றனவோ என வியந்தோம். இவற்றுக்கு நடுவே தேநீர்க் கடை உண்டு, முடிதிருத்தும் நிலையம் உண்டு, ரொட்டிக் கடை உண்டு. கடைகளின் சுவர்களில் தேவதாயின் படம். தொழிலாளரின் வலக்கை மணிக்கட்டில் பச்சை குத்திய சிறு சிலுவை. குப்பையின் நடுவே ஒரு பங்கு வாழ்ந்து கொண்டிருந்தது.

அசியூத்திலிருந்து வந்தவர்கள்

இம்மக்களை 'ஜபாலீன்' என அரபு மொழியில் அழைக்கின்றனர். 'குப்பைக்காரர்' என்பதே அதன் பொருள். 1940களில் தெற்கு எகிப்தின் அசியூத் பகுதியிலிருந்து, வயல் பொய்த்துப் பிழைப்புக்கு வழியின்றி, குடும்பம் குடும்பமாகத் தலைநகருக்கு வந்தவர்கள் இவர்கள். அசியூத்துக்கும் நம் விசுவாச வரலாற்றுக்கும் ஓர் உறவு உண்டு. எகிப்தில் திருக்குடும்பம் சென்ற பயணத்தின் தென்கோடி அப்பகுதியே என்பது காப்டிக் மரபு. திருக்குடும்பம் அடைக்கலம் தேடி வந்த மண்ணிலிருந்து, பிற்காலத்தில் ஏழைக் குடும்பங்கள் அடைக்கலம் தேடிப் புறப்பட்டன.

தலைநகரில் அவர்களுக்கு முன்பே, பாலைவனச் சோலைகளிலிருந்து வந்த வேறொரு பிரிவினர் வீட்டுக் குப்பை எடுக்கும் உரிமையைப் பெற்றிருந்தனர். அவர்களிடம் பணம் கொடுத்து, குப்பையைச் சுமந்து செல்லும் உரிமையை இவர்கள் வாங்கினர். அக்காலக் குப்பையில் பெரும்பகுதி உணவுக் கழிவு. அதனைக் கொண்டு பன்றி வளர்த்தனர். பன்றியின் எருவை உழவர்க்கு விற்றனர். கந்தை, எலும்பு, தகரம், கண்ணாடி அனைத்துக்கும் வாங்குவோர் இருந்தனர். வீணென்று சொல்லத்தக்கது மிகச் சிறிதே. ஆனால் அவர்களுக்கு நிலையான இருப்பிடம் இல்லை. நகரம் விரியும்போதெல்லாம் அவர்களின் குடிசைகள் அப்புறப்படுத்தப்பட்டன. இறுதியில் 1970ஆம் ஆண்டு வாக்கில், கைவிடப்பட்ட கல்வெட்டுக் குழிகள் நிறைந்த இக்குன்றின் அடிவாரத்துக்குத் துரத்தப்பட்டனர். குடிநீர் இல்லை, மின்விளக்கு இல்லை, பள்ளி இல்லை, ஆலயமும் இல்லை. தகரத்தாலும் அட்டையாலும் ஆன குடிசைகளில் மனிதரும் பன்றியும் கழுதையும் ஒருங்கே வாழ்ந்தனர்.

குன்றும் அவர்களுக்கு முழுப் பாதுகாப்பு அளித்ததில்லை. 2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6ஆம் நாள், இதே வட்டாரத்தின் துவைக்கா என்னும் பகுதியில் பெரும்பாறைகள் பெயர்ந்து வீடுகளின்மேல் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

மலை பெயர்ந்த கதை

இக்குன்றைப் பற்றிக் காப்டிக் மக்களிடையே ஒரு வரலாறு வழங்குகிறது. 10ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட கலீபா, கடுகளவு விசுவாசம் இருந்தால் மலையும் பெயரும் என்று உங்கள் நூல் கூறுகிறதே, அதனை மெய்ப்பித்துக் காட்டுக எனக் கிறிஸ்தவர்களின் முதுபெருந்தந்தை ஆபிரகாமுக்குக் கட்டளையிட்டாராம். மூன்று நாள் உண்ணாநோன்பிருந்து செபித்த முதுபெருந்தந்தைக்கு அன்னை மரியாள் காட்சியளித்து, சந்தையில் தண்ணீர்க் குடம் சுமந்து வரும் ஒற்றைக்கண்ணர் ஒருவரை நாடுமாறு பணித்தாராம். அவர் சீமோன், தோல் பதனிடும் தொழிலாளி. பிறர் அருவருத்து ஒதுக்கிய தொழிலைச் செய்தவர். விடியற்காலையில் ஏழைகளுக்கும் முதியோருக்கும் தண்ணீர் சுமந்து கொடுத்த பிறகே வேலைக்குச் செல்பவர். அவர் கூட்டத்தின் பின்னே மறைந்து நின்று வேண்ட, மக்கள் மும்முறை தாழ்ந்து பணிந்து எழுந்தபோதெல்லாம் குன்றும் எழுந்தது என்பது அவ்வரலாறு.

இந்த சீமோனின் பெயரால் குன்றைக் குடைந்து எழுப்பிய குகை ஆலயம் இன்று ஊருக்கு மேலே நிற்கிறது. 1974 முதல் இம்மக்களிடையே நற்செய்திப் பணியாற்றத் தொடங்கிய பொதுநிலையினர் ஒருவர், 1978ஆம் ஆண்டு காப்டிக் திருச்சபையின் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, சமான் என்னும் பெயரோடு அவர்களுக்கு மேய்ப்பரானார். அவரது காலத்திலேயே இவ்வாலயம் உருவாயிற்று. பாறைக் கூரையின் கீழ், படிப்படியாக இறங்கும் அரைவட்ட இருக்கைகளில் ஏறத்தாழ 20,000 பேர் அமரலாம். பாறைச் சுவர்களில் போலந்து நாட்டுச் சிற்பி ஒருவர் விவிலியக் காட்சிகளைச் செதுக்கியுள்ளார். கீழே தெருவில் குனிந்து மூட்டை பிரிப்பவர் மாலையில் இங்கே நிமிர்ந்து நின்று பாடுகின்றனர். தொழிலால் இகழப்பட்ட ஒருவரைத் தம் பாதுகாவலராகக் கொண்டதன் பொருளை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் வந்து சேர்ந்தது

1970களின் நடுப்பகுதியில் எகிப்து தன் சந்தையை வெளிநாட்டுப் பொருள்களுக்குத் திறந்துவிட்ட பின்னர், குப்பைக் கூடையின் உள்ளடக்கமும் மாறத் தொடங்கிற்று. கண்ணாடிப் புட்டியின் இடத்தைப் பிளாஸ்டிக் பாட்டிலும், துணிப்பையின் இடத்தைப் பாலித்தீன் பையும் பிடித்தன. பன்றி உண்ணாத, மண் செரிக்காத இப்புதிய பொருளை இம்மக்கள் என்ன செய்தனர்? அதையும் ஒரு தொழிலாக்கினர். 1980களில் சிறுகடன் உதவிகளைப் பெற்று, பிளாஸ்டிக்கை நொறுக்கும் பொறிகளை வீட்டின் கீழ்த்தளங்களில் நிறுவினர்.

ஒரு பட்டறையில் அவ்வேலையை நேரில் கண்டோம். 'பிளாஸ்டிக்' என ஒரே பெயரால் நாம் அழைப்பது உண்மையில் பல பொருள்களின் குடும்பம். தண்ணீர் பாட்டில் ஒரு வகை. அதன் மூடி வேறு வகை. ஷாம்பு பாட்டில், பால் உறை, நாற்காலி, தண்ணீர்க்குழாய் ஒவ்வொன்றும் வெவ்வேறு. ஒன்றோடொன்று கலந்து உருக்கினால் எதற்கும் பயன்படாத கட்டியாகிவிடும். ஆகவே முதலில் வகை பிரிக்க வேண்டும். பின்னர் நிறம் பிரிக்க வேண்டும். தேர்ந்த கைகள் தொட்ட மாத்திரத்திலேயே இனம் காணும். நசுக்கும்போது எழும் ஓசையிலிருந்தும் அறியும். நொறுக்கிய துண்டுகளைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால், பாட்டிலின் துண்டுகள் அடியில் அமிழும். மூடியின் துண்டுகள் மேலே மிதக்கும். இவ்வாறு தண்ணீரே ஒரு சல்லடையாகிறது. அதன்பின் காரமிட்ட சுடுநீரில் கழுவி, உலர்த்தி, உருக்கி, கயிறுபோல் இழுத்து, அரிசியளவு மணிகளாக நறுக்குகின்றனர். அம்மணிகளிலிருந்து துணி மாட்டும் கொக்கிகள் முதலிய சிறு பொருள்கள் உருவாகின்றன.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வூரில் ஒரு பள்ளி தோன்றிற்று. போலிச் சரக்கு விற்போர் வெற்று ஷாம்பு பாட்டில்களை வாங்கிக் கலப்படம் நிரப்பி விற்பதைத் தடுக்க, அப்பாட்டில்களைச் சிறுவர்கள் சேகரித்து, எண்ணி, நொறுக்கினர். எண்ணும்போதே கணக்குக் கற்றனர்; பாட்டிலின் பெயரை எழுதும்போதே எழுத்துக் கற்றனர். குப்பை அவர்களுக்குக் கரும்பலகையும் ஆயிற்று.

பிரிக்கும் கைகள்

இவ்வளவும் கேட்பதற்கு இனிமையாக இருக்கலாம். ஆனால் ஒரு வாசலில் நாங்கள் கண்ட காட்சி வேறு. தாயும் இரு பெண்மக்களும் தரையில் அமர்ந்து, அன்று காலை வந்த மூட்டையை அவிழ்த்துக் கொட்டிக் கொண்டிருந்தனர். பொதுவாக ஆண்கள் விடியுமுன் சென்று வீடு வீடாகச் சேகரித்து வருவர்; பிரிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. குவியலில் பழைய சோறும் காய்கறித் தோலும், குழந்தைகளின் அழுக்குத் துணியும், உடைந்த கண்ணாடியும், மருந்துப் புட்டியும், இவற்றால் நனைந்து ஒட்டிக் கிடந்த பாலித்தீன் பைகளும் இருந்தன. வெறுங்கையால் அவற்றைப் பிரித்தனர்.

எம்முடன் வந்த மூதாட்டி ஒருவர் தாளமாட்டாமல், "சாமி, அந்தப் பிள்ளை கையிலே ஒரு உறைகூட இல்லையே!" என்றார். வழிகாட்டி அதனைக் கேட்டறிந்து, "உறை அணிந்தால் விரலுக்குப் பொருள் தெரியாது, வேலை பாதியாகும், கூலியும் பாதியாகும்" என்று விளக்கினார். கண்ணாடிக் கீறலும், எறிந்த ஊசி குத்துவதும் இத்தொழிலில் அன்றாட நிகழ்ச்சிகள். ஈரலைத் தாக்கும் மஞ்சட்காமாலை நோய் இம்மக்களிடையே பரவலாக இருப்பதற்கு இவையும் காரணமென மருத்துவர் கூறுவர்.

அத்தாய் எங்களை ஏறிட்டுப் பார்த்து ஏதோ கேட்டார். வழிகாட்டி மொழிபெயர்த்தார்: "உங்கள் ஊரிலும் சோற்றையும் பாட்டிலையும் ஒரே பையில் போட்டுத்தான் கட்டுவார்களா என்று கேட்கிறார்."

எம்முடன் இருந்த எவரும் விடை கூறவில்லை. அவர் கேட்டதில் சினம் இல்லை, குறை கூறும் தொனியும் இல்லை. ஒரு தொழிலாளி மற்றோர் ஊரின் தொழிலைப் பற்றி விசாரிப்பது போலவே கேட்டார். ஆயினும் பிளாஸ்டிக் கழிவைப் பற்றிய விவாதங்கள் அனைத்தும் அவ்வொரு வினாவில் அடங்கிக் கிடக்கின்றன. 'எறிந்துவிட்டேன்' என்று நாம் சொல்கிறோம். எறிந்த பொருள் எங்கும் மறைவதில்லை. நம் கையிலிருந்து வேறொருவர் கைக்கு மாறுகிறது. நாம் எவ்வண்ணம் கட்டிக் கொடுக்கிறோமோ, அவ்வண்ணமே அது அந்தக் கையைச் சென்றடைகிறது.

62 வயதில் புறப்பட்ட துறவி

இக்கைகளைத் தேடி வந்த ஒரு கத்தோலிக்கத் துறவியைப் பற்றி இங்கே கூறாதிருத்தல் தகாது. பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 1908ஆம் ஆண்டு பிறந்து, சீயோன் அன்னை சபையில் சேர்ந்தவர் அருட்சகோதரி எம்மானுவேல். துருக்கி, துனீசியா, எகிப்து நாடுகளின் பள்ளிகளில் நெடுங்காலம் ஆசிரியப் பணியாற்றினார். பிறர் ஓய்வை நாடும் வயதில், 1971ஆம் ஆண்டு தம் 62ஆம் வயதில், கெய்ரோவின் எஸ்பத் எல் நக்ல் என்னும் குப்பைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு சிறு குடிசையில் குடியேறினார். திருக்குடும்பத்தை நினைவூட்டும் மத்தாரியாவின் மரத்துக்கு அண்மையில் உள்ள இடம் அது. எலியும் ஈயும் அவருக்கும் அண்டை வீட்டார் ஆயின.

பின்னர் 1980களில், காப்டிக் திருச்சபையின் கன்னியர் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி சாராவுடன் இணைந்து மொக்கத்தத்திலும் பணிபுரிந்தார். பள்ளிகள், மருந்தகங்கள் தோன்றின. பன்றிக் கழிவை உரமாக்கும் ஆலையும் எழுந்தது. கத்தோலிக்கரும் காப்டிக் திருச்சபையினரும் வேறுபாடு பாராது தோளோடு தோள் நின்ற பணி அது. 1984ஆம் ஆண்டில் தோன்றிய சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சங்கம் ஒன்று, கந்தைத் துணியிலிருந்து விரிப்பு நெய்யவும், பழந்தாளிலிருந்து வாழ்த்து அட்டை செய்யவும் இளம்பெண்களுக்குக் கற்பித்தது. அருட்சகோதரி எம்மானுவேல் 1993இல் பிரான்சுக்குத் திரும்பினார். 2008ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், நூறாவது பிறந்த நாளுக்குச் சில வாரங்களே இருக்க, இறைவனடி சேர்ந்தார்.

இரு படிப்பினைகள்

இவ்வூரின் அண்மைக்கால வரலாற்றில் இரு நிகழ்ச்சிகள் நாமும் அறியத்தக்கவை.

2003ஆம் ஆண்டில் கெய்ரோ நிர்வாகம், நகரை நவீனமாக்கக் கருதி, இத்தாலிய, ஸ்பானிய நிறுவனங்களிடம் குப்பை அகற்றும் பொறுப்பை ஒப்படைத்தது. மாடியேறி வீட்டு வாசலில் குப்பையைப் பெற்றுச் சென்றவர்களுக்குப் பதிலாகத் தெருமுனையில் பெரிய தொட்டிகள் வந்தன. அழுத்தும் லாரிகள் வந்தன. ஒப்பந்தப்படி அந்நிறுவனங்கள் குப்பையில் 20 விழுக்காட்டை மறுபயனுக்குக் கொண்டுவந்தாலே போதும். ஜபாலீன் மக்களோ தாங்கள் சேகரிப்பதில் 80 விழுக்காடு வரை மறுபயனாக்குகின்றனர் என ஆய்வாளர் மதிப்பிட்டிருந்தனர். லாரியில் அழுத்தி நசுக்கிய குப்பையைப் பிரிக்க எவராலும் இயலாது; அது நிலத்தில் கொட்டிப் புதைக்கவே உதவும். நெடுங்காலம் கைத்தொழிலாய் வளர்ந்த அறிவு ஒதுக்கப்பட்டது. பிற்காலத்தில் நிர்வாகமே மனம் மாறிற்று. இம்மக்களோடு பல்லாண்டு உழைத்த லைலா இஸ்கந்தர் அம்மையார் 2013இல் சுற்றுச்சூழல் அமைச்சரானபோது, அவர்களை முறைப்படி நகரின் துப்புரவுப் பணியில் இணைக்கும் முயற்சி தொடங்கிற்று.

இரண்டாவது, 2009ஆம் ஆண்டு நிகழ்ந்தது. பன்றிக் காய்ச்சல் என்னும் பெயரைக் கேட்டு அஞ்சிய அரசு, நாட்டின் பன்றிகள் ஏறத்தாழ மூன்று இலட்சத்தையும் கொல்ல ஆணையிட்டது. நோய் பரவுவது மனிதரிடமிருந்து மனிதருக்கே என உலக நலவாழ்வு நிறுவனம் கூறியும் ஆணை நிறைவேறியது. விளைவு யாது? உணவுக் கழிவை உண்ணும் பிராணி இல்லாமற்போகவே, அதைச் சேகரிப்பதில் பயனின்றித் தொழிலாளர் தெருவிலேயே விட்டனர். மாநகரம் நாறியது. தங்களுக்கு யார் தொண்டு செய்து வந்தனர் என்பதை நகரத்தார் அப்போதே உணர்ந்தனர்.

திறமைக்கும் ஓர் எல்லை உண்டு

இத்துணைத் திறமை வாய்ந்த கைகள் இருக்க, பிளாஸ்டிக்கைப் பற்றிக் கவலை எதற்கு என ஒருவர் கேட்கலாம். அவ்வூரிலேயே அதற்கும் விடை உண்டு. பட்டறைகளின் பின்புறத்தில் எவரும் வாங்காத குவியல் ஒன்று கிடந்தது. மசாலாத் தூள், சிப்ஸ், ஒரு ரூபாய் ஷாம்பு போன்றவற்றை நம் கடைகளில் சரம் சரமாகத் தொங்கவிடும் பளபளப்பான உறைகளின் இனத்தைச் சேர்ந்தவை அவை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காய் ஒட்டிச் செய்யப்பட்டவை. எந்தக் கையாலும் பிரிக்க முடியாதவை. உணவுக் கறை படிந்த மெல்லிய பைகளும் அவ்வாறே. அவற்றை எரித்தால் புகை நஞ்சாகும். சில வகைப் பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நச்சும் தோன்றும். எரிக்காவிடில் காற்றில் பறந்து வாய்க்காலை அடைக்கும். வெயிலில் நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத துகளாகி மண்ணிலும் நீரிலும் கலக்கும்.

மறுபயனாகும் பிளாஸ்டிக்கும் என்றென்றும் புதுப்பிறவி எடுப்பதில்லை. உருக்கும்போதெல்லாம் அதன் வலிமை குன்றும். இன்றைய பாட்டில் நாளை கொக்கியாகலாம். கொக்கி மறுநாள் குப்பையே. 2017ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மூவர் வெளியிட்ட கணக்கின்படி, 2015 வரை உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக் 830 கோடி டன். அதில் கழிவானது ஏறத்தாழ 630 கோடி டன். அக்கழிவில் மறுசுழற்சிக்கு வந்தது 9 விழுக்காடே. எரிக்கப்பட்டது 12 விழுக்காடு. எஞ்சிய 79 விழுக்காடு குப்பை மேடுகளிலும் ஆற்றிலும் கடலிலும் இப்பூமியின்மேல் கிடக்கிறது. மொக்கத்தத்தின் கைகளைப் போல இன்னும் பல்லாயிரம் கைகள் உழைத்தாலும், குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதாகவே அது முடியும்.

நம் இல்லத்தில்

இவ்வினா நம் வாசலிலும் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. 2022ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து நாடு முழுவதும் பல வகைகள் தடுக்கப்பட்டன. குப்பையைப் பிரித்தே கொடுத்தல் வேண்டும் என 2016ஆம் ஆண்டின் விதிகள் வீடுதோறும் கடமையாக்கின. சட்டம் வாசல்வரை வரும்; அடுப்பங்கரைக்குள் வருவதற்குக் குடும்பத்தின் மனச்சான்றே துணை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பதும், குப்பையைப் பிரிப்பதும், உண்ணும் அளவுக்கே சமைப்பதும் படைப்பின்மீது கொள்ளும் அன்பின் செயல்கள் என எடுத்துரைத்தார். பெரிய ஆலைகளையும் அரசுகளையும் நோக்கிப் பேசிய அம்மடல், சமையலறை வாளியையும் மறக்கவில்லை என்பது நாம் கருதத்தக்கது.

ஆகவே அன்பார்ந்த குடும்பத்தாரே, செய்யத்தக்கவை எளியன. காய்கறித் தோலும் எஞ்சிய சோறும் மீன் முள்ளும் ஒரு வாளியில் சேரட்டும். பால் உறையையும் பாட்டிலையும் ஒருமுறை அலசி, உலர்த்தி, ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள். பழைய பொருள் வாங்குபவர் மகிழ்ந்து எடுத்துச் செல்வார். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி ஆகியவற்றைத் தடித்த தாளில் சுற்றித் தனியே கொடுங்கள். பிள்ளைகளின், பெண்களின், நோயாளிகளின் கழிவுத் துணிகளை மடித்துப் பொதிந்து அடையாளமிட்டுக் கொடுங்கள். இவ்வேலைக்கு நாளொன்றுக்குச் சில நிமிடங்களே ஆகும். அச்சில நிமிடங்கள், நம் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரின் விரலைக் காக்கும்.

பங்கு ஆலயமும் முன்மாதிரியாகட்டும். திருவிழா அசனத்தில் வாழையிலையும் தையல் இலையும் எவர்சில்வர் தம்ளரும் மீண்டும் வரட்டும். பீடத்தில் பிளாஸ்டிக் பூவைவிட நம் தோட்டத்துச் செம்பருத்தி அழகியது. கொடியேற்றத்துக்குத் தொங்கவிடும் பிளாஸ்டிக் தோரணம் அடுத்த ஆண்டுத் திருவிழாவின்போதும் சாக்கடையில் கிடக்கும் என்பதை விழாக் குழுவினர் கருதுவாராக. வாங்காத பொருளை எவரும் பிரிக்க வேண்டியதில்லை. ஆகவே கடைக்குச் செல்கையில் கையோடு ஒரு துணிப்பை எடுத்துச் செல்வதே இவ்வறத்தின் முதற்படி. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் தூய்மைப் பணியாளரின் பெயரைக் கேட்டறிந்து வருவதும் நல்ல பயிற்சி. நம் குப்பையின் ஒவ்வொரு துண்டையும் அறிந்திருக்கும் ஒருவரின் பெயரை நாம் அறியாதிருப்பது முறையாகுமோ?

மொக்கத்தத்தின் வீட்டுச் சுவர்களில் 2016ஆம் ஆண்டு, துனீசிய வழிவந்த கலைஞர் ஒருவர், ஏறத்தாழ ஐம்பது கட்டடங்களை இணைத்து ஒரே வாசகத்தை அரபு எழுத்தில் வண்ணமாகத் தீட்டினார். ஒளியைத் தெளிவாகக் காண விழைபவர் முதலில் தம் கண்களைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்னும் பொருள்பட, அலெக்சாந்திரியாவின் ஆயர் புனித அத்தனாசியார் கூறியதாக வழங்கும் கருத்து அது. தெருவில் நிற்பவர்க்குச் சிதறிய கோடுகளாகத் தோன்றும் அவ்வாசகம், குன்றின்மேல் குறிப்பிட்ட ஓரிடத்தில் நிற்பவர்க்கே முழுமையாய்ப் புலப்படும்.

ஐயாயிரம் பேர் உண்டு நிறைந்த அந்நாளில், மீந்த துண்டுகள் எதுவும் வீணாகாதபடி சேர்த்து வைக்குமாறு நம் ஆண்டவர் சீடர்களுக்குப் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. ஐந்து அப்பங்களைப் பலுகச் செய்ய வல்லவருக்கு மீந்த துண்டுகளால் ஆகவேண்டியது யாதொன்றும் இல்லை. எனினும் சேர்க்கச் சொன்னார். சீடர்கள் குனிந்து பொறுக்கினர். இன்றும் உலகின் பல நகரங்களில் குனிந்து பொறுக்கும் கைகள் அப்பணியையே செய்து வருகின்றன. அக்கைகளுக்கு நம் இல்லத்திலிருந்து செல்லும் கூடை தூயதாய், காயப்படுத்தாததாய், இயன்றவரை வெறுமையாய் இருக்க, திருக்குடும்பம் நமக்குத் துணை நிற்பதாக.